தோல் கட்டிய பாஞ்சோ

ஹேர்னிங், டென்மார்க், 1986

அன்புள்ள அக்கா,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பள்ளியில் எனக்குப் பாஞ்சோ என்ற பழைய தந்தி வாத்தியம் ஒன்று பழகத் தந்தார்கள். அமெரிக்க வாத்தியம் என்றதும் அப்பாவுக்குப் பெருமை. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆபிரிக்கர்கள் உருவாக்கியது என்று ஆசிரியை சொன்னதை மறைத்துவிட்டேன்.

இன்று இங்குள்ள தமிழ்ச் சபைக்காரர் வந்தபோது பாஞ்சோவைத் தொட்ட அப்பாவின் முகம் மாறியது. அவர்கள் போனதும் கத்தினார்.

"உது தோலெல்லே! நாளைக்கே திருப்பிக் குடு. சனம் என்ன கதைக்கும்?"

"கிற்றார் மாதிரித்தானே அப்பா?"

"வாயைப் பொத்து!"

படுக்கப் போகுமுன் கதவிடுக்கால் பார்த்தேன். அப்பா அதை மடியில் வைத்து, தோலில் விரல்களால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஓர் அடிகூடப் பிசகவில்லை. மேளமே தொட்டதில்லை என்பவர் அவர்.

நீ ஊரில் இருக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும். அப்பப்பா சாவீடுகளில் பறை அடித்தவரா? பள்ளி விலாசத்துக்கு எழுது. அதுவரை பாஞ்சோவைப் பள்ளி அலுமாரியில் ஒளித்துவைத்து, கொடுத்துவிட்டேன் என்று அப்பாவிடம் பொய் சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ ஓம் என்று எழுதினால், அதை நான் விடமாட்டேன்.

உன் தங்கச்சி