எட்டாயிரம் கிலோமீட்டரும் பதினோரு மணி நேரமும்

அன்புள்ள பெரிய பெண்ணுக்கு,

நீ கேட்காமலே எழுதுகிறேன், மன்னித்துக்கொள். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் காகிதம். உனக்கு வாந்தி நின்று சாப்பாடு தங்குகிறது என்று அப்பா சொன்னார், நிம்மதியாக இருந்தது. இங்கே இருவரும் சுகம், கிளட்சை மிதித்து மிதித்து அவர் முழங்கால்தான் அடம்பிடிக்கிறது.

"பிரசவத்துக்கு நீங்க வந்துடுங்கப்பா" என்று நீ சொன்னதிலிருந்து அவருக்கு லாரியில் கவனமே இல்லை. போகவும் ஆசை, தனியாகப் போகவும் பயம். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடுமாம். லாரி ஆபீசில் நான் புக்கிங் பார்க்கிற கம்ப்யூட்டரில் உன் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். எட்டாயிரம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். அவர் துறைமுகத்துக்கு லோடு கொண்டுபோய்த் திரும்ப ஆகும் அதே நேரம், அதற்குள் எத்தனை மலை, எத்தனை கடல் கீழே போய்விடுகிறது. திரையில் விமானத்தின் பாதை வில் மாதிரி வளைந்திருந்தது. ஒரு பந்தில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், அந்த வளைவுதான் குறுக்கு வழி. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், பூமி உருண்டை என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன், ஆனால் அதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

அப்பா டிக்கெட் நேரத்தைப் பார்த்தார். இரவு இரண்டுக்குக் கிளம்பி காலை எட்டுக்கு இறங்குகிறது, கடிகாரக் கணக்கில் ஆறே மணி நேரம், திரும்பும்போது மட்டும் பதினைந்து மணி நேரம் காட்டுகிறது. "போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தம், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். டீக்கடையில் மற்ற டிரைவர்களுக்கும் விளக்கிவிட்டு வந்தார், அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். அங்கே ஐந்து மணி நேரம் கழித்துத்தான் விடியும், இரண்டு ஊர்க் கடிகாரமும் வேறு வேறு என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப நான் காலையில வண்டி எடுக்கறப்பல்லாம் பாப்பா தூங்கிட்டிருக்காளா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார். அன்றிலிருந்து காலையில் வாசலில் ஹாரன் அடிப்பதில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, படியில் மெதுவாக இறங்கு, டாக்டர் சொன்ன தேதியை அப்பாவுக்குச் சீக்கிரம் சொல். ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயது போதாது, அதனால் அப்பாவுடையதையே எழுதுகிறேன், தாயும் பிள்ளையும் குறையில்லாமல் இருங்கள்.

எங்கள் கல்யாணத்துக்கு நீ வரவில்லை, அதில் எனக்கு வருத்தம் கிடையாது, உன் இடத்தில் நானும் வந்திருக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அவர் பக்கத்து சீட்டில் நானும் வரட்டுமா? வேண்டாம் என்றால் அதை அவரிடம் சொல்லாதே, எனக்கு மட்டும் எழுது. ஆபீசில் லீவு தரவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சித்தி