மணியை நிறுத்தியவனின் பாட்டு

பிப்ரவரி 11

ப்ரோன்வின் அடிலெய்டிலிருந்து வந்து என் இசை நாடகத்தை முழுதாகக் கேட்டாள். பியானோ முன்னால் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் தொண்டை கட்டும்வரை பாடினேன். முடிந்ததும் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் காலணியைப் பார்த்தால் நாடகம் தேறாது என்று அர்த்தம்.

"நேவா, முதல் பாதி பிரமாதம். ரெண்டாம் பாதியில படகு முழுகுது, எல்லாரும் அழறாங்க, மறுபடியும் அழறாங்க. கடலையே திட்டி எத்தனை பாட்டு பாடுவ? யாராவது ஏதாவது செஞ்சிருக்கணும்."

யாரும் எதுவும் செய்யவில்லை, அதுதானே நடந்தது என்றேன். சுக்கான் கெட்டு, காற்று தள்ளி, படகு பாறையில் மோதியது. விசாரணையில் அப்படித்தான் சொன்னார்கள். என் தம்பி ஷிமேவும் இன்னொரு பையனும் போனார்கள். திரும்பி வந்தது கேப்டன் மட்டும்தான் — பெரியம்மா மகன் மாத்தே.

"அப்ப அது செய்தி. நாடகம் இல்ல."

யாரும் வாங்காத இரண்டு இசைத்தட்டு. இருபது வருடம் பார்களில் குடிகாரர்களுக்குப் பாட்டு. இந்த நாடகமும் போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 13

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில்.

வலை இழுத்து ஓய்ந்துபோன பையன்களைக் கேப்டன் தூங்க அனுப்புகிறான். சுக்கான் அறையில் சற்றைக்கொருதரம் எச்சரிக்கை மணி அடிக்கிறது. காவலிருப்பவன் தான் தூங்கவில்லை என்று காட்டப் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தத்தில் பையன்கள் புரளுகிறார்கள். பாவம், தூங்கட்டும் என்று மணியை நிறுத்திவிடுகிறான். பிறகு அவனும் தூங்கிப்போகிறான், படகு பாறையில் ஏறுகிறது. தாலாட்டு மெட்டு.

இதுவரை நான் எழுதியதில் இதுதான் பாட்டு. மற்றதெல்லாம் சும்மா.

பொய்தான், முழுப் பொய். சின்ன வயதில் அப்பாவின் படகில் அந்த மணி என்னைத் தூங்கவிடாது. நிறுத்தித் தொலையுங்களேன் என்று கத்துவேன். அதை வைத்துக் கட்டிய கதை.

பிப்ரவரி 20

கேப்டன் பாத்திரத்தின் பெயரை மாற்றினேன். ஊர்ப் பெயரை எடுத்தேன். யாரை ஏமாற்றுகிறேன்? மூன்று பேர் போய் ஒருவன் திரும்பிய படகு இந்தப் போர்ட் லிங்கனில் எத்தனை இருக்கிறது?

பிப்ரவரி 22, ஞாயிறு

மாத்தே சாப்பிட வந்தான். ஷிமே போனதிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. கூரை ஒழுகினால் ஏறுவது அவன், அம்மாவை மாதா கோவிலுக்கு அழைத்துப்போவது அவன். நான் அடிலெய்டில் கிடந்த காலமெல்லாம் அம்மாவுக்குப் பிள்ளை அவன்தான்.

அந்தப் பாட்டைப் பற்றி இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"என்ன சித்தி, உங்க பொண்ணு பேயறைஞ்ச மாதிரி இருக்கா?"

"கலைஞியாம். அப்படித்தான் இருப்பாளாம். நீ சாப்பிடுடா, மீன் ஆறுது."

"நாடகத்துல நான் இருக்கேனா நேவா? இருந்தா கொஞ்சம் ஒல்லியா காட்டு, புண்ணியமாப் போகும்."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 27

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 6

ஒத்திகையில், கேப்டனாக நடிக்கும் டெக்லன் அந்தப் பாட்டைப் பாடினான். மேடைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். ப்ரோன்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத நீ எடுத்துட்டா நான் மூட்டையக் கட்டிடுவேன்" என்றாள். கடைசி நாள் ஆட்டத்துக்கு அடிலெய்டு விழாக்காரர்கள் வருகிறார்களாம்.

மார்ச் 12

முதல் ஆட்டம். அம்மாவுக்கு மூட்டு வலி, வரவில்லை. மாத்தே வந்தான், இஸ்திரி போட்ட சட்டையில், முதல் வரிசையில். அந்தப் பாட்டு வந்தபோது நான் பியானோ கட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கைதட்டல் அடங்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். எழுந்து போகவில்லை, உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 13

காலையில் அவன் கொட்டகைக்குப் போனேன். வலை தைத்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிரு மாத்தே. நாடகத்துக்காகத்தான் அப்படி —"

"யாரு சொன்னா?"

"எதை?"

"மணிய நிறுத்துனேன்னு யாரு சொன்னா? அவனுங்க ரெண்டு பேரும் தூங்கிட்டுல்ல இருந்தானுங்க?"

யாரும் சொல்லவில்லை, நானே கட்டிய கதை என்றேன். வலை ஊசியைக் கீழே வைத்தான்.

"கதையா? இத்தனை வருஷமா நான் வாயைத் திறக்கல. நீ பியானோ முன்னாடி உக்காந்து கண்டுபிடிச்சிட்ட."

இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காத. யாராவது அத வெளிய சொல்லணும். என்னால முடியல. சித்தி மூஞ்சியப் பாத்து என்னால முடியாது."

வீட்டுக்கு வந்து குளியலறையைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாவம் தூங்கட்டும்னு யாரு உன்னைப் பாவம் பாக்கச் சொன்னது? என் தம்பிடா அவன். என் விரலப் புடிச்சிட்டு நடந்தவன்டா.

இதையும் எழுதிவிடுகிறேன். எடுக்காதே என்று அவன் சொன்னதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பாட்டு பிழைத்ததே என்று. சீ.

மார்ச் 17

ஆட்டம் தவறாமல் வருகிறான். அதே நாற்காலி. மீன் கடையில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு உங்க மாத்தேக்கு! கதைதானேன்னு உக்காந்து பாக்குறாரே" என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 21

கடைசி ஆட்டம். அம்மா வந்தார். இருட்டில் படி தடுக்கும் என்று மாத்தேயின் கையைப் பிடித்து நடந்தவர், உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

இந்த முறை நான் பார்த்துக்கொண்டே வாசித்தேன். மேடை வெளிச்சம் முதல் வரிசையில் விழுந்தது. மாத்தேயின் உதடு அசைந்தது. டெக்லன் பாடப் பாட, சொல்லுக்குச் சொல் அவனும் சொன்னான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அம்மா மேடையை விட்டுவிட்டு அவன் வாயைப் பார்த்தார். மணியை நிறுத்துகிற அடி வந்தது. அம்மா தன் கையை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை. வாசித்து முடித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

மாத்தே வரவில்லை. அம்மா கோவிலுக்குப் போகவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"மொத ஆட்டத்துக்கு மறுநாள்."

"அதுக்கப்புறமும் தினம் வாசிச்சியா?"

"வாசிச்சேன்மா."

அடுப்படிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அடிலெய்டு விழாக்காரர்கள் தொலைபேசியில் பேசினார்கள். விழாவில் பெரிய அரங்கு, டெக்லனே பாட வேண்டும், அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் மாறக் கூடாது. சம்மதமா என்று கேட்டார்கள்.

சம்மதம் என்றேன். அம்மா காதில் விழும்படி சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அடுப்படியில் தண்ணீர்க் குழாய் நின்றது.