ஓரத்தில் எழுதாமல் விட்டது

அன்புள்ள நோரீனுக்கு,

ஸ்க்ரான்டனில் நானும் உன் தம்பி டெரன்ஸும் சுகம். அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் தும்மல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், கம்பளிக் காலுறையை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். நல்ல சேதி ஒன்று. டெரன்ஸுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கிடையாது என்று சொன்னது செல்லாது, மறுபடி விசாரியுங்கள் என்று கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. வக்கீல் ஹெலன் யுர்கோ நேற்று அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள், தவக்கால வெள்ளிக்கிழமை, கறி ஆகாது என்பதால் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்கிப் போட்டுக் கொடுத்தேன், ஒல்லியாக இருந்துகொண்டு ஏழு தின்றாள்.

கோர்ட்டில் யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லையாம், பழைய காகிதங்களை மட்டும்தான் படிப்பார்களாம். அவன் கூரையிலிருந்து விழுந்த பிறகு நாளை எப்படிக் கழிக்கிறான் என்று வீட்டார் எழுதித் தரும் படிவத்தில், இடம் போதாமல் நான் ஓரமெல்லாம் எழுதியதற்குப் போனில் சிரித்தாயே, அதுதான் கைகொடுத்தது. "பாத்திரம் கழுவுகிறான்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகத் தெம்புள்ளவன் என்று மறுத்துவிட்டார் அந்த விசாரணை அதிகாரி. நான் எழுதியது, "பாத்திரம் கழுவுகிறான், ஸ்டூலில் உட்கார்ந்து ஆறு தட்டு, பிறகு ஒரு மணி நேரம் தரையில் படுத்துக்கிடக்கிறான்" என்று. நீதிபதி முழு வாக்கியத்தையும் தீர்ப்பில் எடுத்துப் போட்டிருக்கிறார், என் காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. பாதி படித்துவிட்டுப் பதில் சொன்னால் என் பள்ளிக்கூடத்து சிஸ்டர் அலாய்சியஸ் ஸ்கேலால் கை முட்டியில் தட்டுவார், அவரிடம் படித்திருந்தால் அந்த அதிகாரிக்கு இந்தப் பழக்கம் வந்திருக்காது. இனிமேல் அம்மாவைப் பிடிக்க முடியாது என்றான் உன் தம்பி.

பிறகுதான் ஹெலன் அந்தப் பழைய மறுப்பிலிருந்து இன்னொரு வரியைப் படித்தாள். முதல் விசாரணைக்கு டெரன்ஸ் வந்த கோலம் அதில் இருந்தது: கோட்டு, டை, பளபளக்கும் ஷூ, எப்படியிருக்கிறீர்கள் என்றதற்கு நன்றாக இருக்கிறேன் என்ற பதில். எல்லாம் என் வேலை. அழுமூஞ்சியாக நிற்காதே என்று காரிலேயே சொல்லிக் கூட்டிப்போனேன். ஷூ நாடாவை யார் கட்டியது என்று அவள் கேட்டாள். டெரன்ஸ் ஜன்னலைப் பார்த்தான். நான் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன், பிறகு சொல்லிவிட்டேன்.

"நான்தான் கட்டுறேன். ரெண்டு வருஷமா தினமும். அவனால குனிய முடியல."

"ஓரமெல்லாம் எழுதினீங்களே, இதை ஏன் எழுதல?" என்றாள் ஹெலன்.

எழுபத்தெட்டு வயதில் கையும் களவுமாகப் பிடிபட்டேன், நோரீன். உனக்கும் அவன் தேவலை என்று பாதியைத்தான் எழுதிவந்தேன், மன்னித்துக்கொள்.

செப்டம்பரில் மறு விசாரணை. அன்றைக்குச் செருப்பிலேயே வரட்டும் என்றாள் ஹெலன். அது நடக்காது, என் மகன் ஷூ போட்டுத்தான் வருவான். கட்டிவிட்டது நான்தான் என்று சத்தியம் செய்து, முதல் ஆளாக அங்கே சொல்லப்போகிறேன்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே, தம்பிக்குப் போன் செய், எப்படியிருக்கிறாய் என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மா,
வினிஃப்ரெட் லாக்னி