கெத்தின் ப்ராசர் பிடியை விடவில்லை

அனுப்புநர்:
ஐசக் ட்ரெவெல்லா (வயது 64),
பாய் தைப்பவர், 'ஹெலன் தார்ன்' சரக்குக் கப்பல்,
தற்சமயம் மாலுமிகள் விடுதி, கார்டிஃப்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
வணிகக் கப்பல் அலுவலகம், கார்டிஃப் துறைமுகம்.

பொருள்: இறந்த மாலுமி மீது கப்பல் பதிவேட்டில் எழுதப்பட்ட பொய்யைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1874 ஜூன் 12 அன்று தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஹார்ன் முனையருகே இறந்த கெத்தின் ப்ராசர், "தன் கவனக்குறைவால் பிடியை விட்டு விழுந்தார்" என்று எங்கள் கப்பல் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது. அது பொய். எழுதியவர் கேப்டன் ஹாஸ்வெல். சாட்சிக் கையெழுத்து முதல் அதிகாரி ஸ்கோபிலுடையது. என்னையும் கையெழுத்திடச் சொன்னார்கள்; மறுத்தேன்.

2. காற்று மென்மையாக வீசும் வெப்பக் கடலில் பழைய பாய்களைக் கட்டி ஓட்டுவதும், தெற்கே புயல் கடலுக்குள் நுழையுமுன் அவற்றை இறக்கிவிட்டுப் புதிய கெட்டிப் பாய்களைக் கட்டுவதும் எல்லாக் கப்பல்களிலும் உள்ள வழக்கம். இம்முறை பழையவை இறக்கப்படவில்லை. மூன்று முறை நேரில் சென்று கேட்டேன். ஸ்கோபில் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "வால்பரைசோ துறைமுகத்துக்குள்ள நுழையறப்போ நம்ம பாய் வெள்ளை வெளேர்னு இருக்கணும்னு கேப்டன் ஆசைப்படறாரு. இப்பவே எதுக்குய்யா அழுக்காக்கணும்? இன்னும் ரெண்டு ஒட்டுப் போடும், போம்."

3. பாய்மரத்தின் உயரே கட்டும் மேற்பாய்க்கு நான் ஒட்டுப் போட்டேன். அதைக் கத்தியால் கிழித்து, இனி உதவாது என்று தளத்தில் எறிந்திருக்க வேண்டியவன் நான். நாற்பத்தோரு ஆண்டு ஊசி பிடித்த கை அதைச் செய்யவில்லை. கெத்தின் அதைப் பார்த்து, "பெரியவரே, இதுல துணி எங்க இருக்கு? உங்க நூல்தான பறக்குது!" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

4. அந்தக் கடலில் ஜூன் மாதம் கடுங்குளிர்காலம். 12ஆம் தேதி காலை புயல் அடித்தது. மேற்பாயைச் சுருட்ட ஆறு பேர் அது தொங்கும் குறுக்குமரத்தில் ஏறினார்கள். கெத்தின் ஓரத்தில் நின்றார். உறைந்து பலகைபோல் விறைத்திருந்த துணியை இரு கைகளாலும் பற்றி இழுத்தபோது அது கிழிந்தது. அவர் பின்புறமாகச் சாய்ந்து தளத்தில் விழுந்தார். மற்ற ஐவரும் இதைக் கண்டார்கள். அவர்களில் ஒருவரையும் கேப்டன் விசாரிக்கவில்லை.

5. கடலில் இறந்தவரைத் துணியில் வைத்துத் தைப்பது என் வேலை. புதிய துணிக் கட்டை அந்தப் பயணத்தில் முதன்முதலாக அவிழ்த்தது அன்றுதான், அவரைப் பொதிவதற்காக. அவருடைய இரண்டு கைகளும் மூடியிருந்தன. அவற்றுக்குள் பாய்த்துணி இருந்தது. இடது கையை என்னால் திறக்க முடியவில்லை, அப்படியே தைத்தேன். வலது கையிலிருந்த துண்டை எடுத்து வைத்தேன். அதில் மூன்று வரிசைத் தையல் இருக்கிறது. மூன்றும் என் தையல். பிடியை விட்டவர் கையில் துணி எப்படி இருக்கும், ஐயா?

6. அவருடைய மனைவி லோவ்ரி ப்ராசர் கார்டிகன் ஊரிலிருந்து நடந்து வந்து, உங்கள் மேசை முன் நின்று அந்த வரியை வாசிக்கக் கேட்டிருக்கிறார். பிறகு என்னைத் தேடி வந்து, "எங்க வீட்டுக்காரரு பிடியை விடற ஆளாய்யா? நீங்க கூட இருந்தீங்களே, சொல்லுங்க" என்று கேட்டார். அவருக்கு நான் வாயால் சொன்ன பதில் போதாது. அதைப் பதிவேடு சொல்ல வேண்டும்.

7. நான் பள்ளிக்குப் போனவன் அல்லன். பாய்த்துணிக் கட்டுகளில் அச்சிட்ட எழுத்துகளைப் பார்த்துப் படிக்கக் கற்றேன். எழுத்தில் பிழை இருக்கலாம். சொன்னதில் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை:

கேப்டன் ஹாஸ்வெல் அந்த வரியை அடித்து, "பழைய பாய் கிழிந்ததால் விழுந்தார்" என்று தம் கையாலேயே எழுத வேண்டும்.

ஸ்கோபில், பாய் மாற்றாத காரணத்தைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். உடன் ஏறிய ஐவரையும் அவர்கள் அடுத்த கப்பல் ஏறுமுன் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

ஒட்டுப் போட்டவன் ஐசக் ட்ரெவெல்லா என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். அதன் கீழ் நான் கையெழுத்திடுவேன்.

திருத்திய வரியை, லோவ்ரி ப்ராசரை அதே மேசை முன் அழைத்து, தாங்கள் உரக்க வாசிக்க வேண்டும். பின்பு இத்துடன் இணைத்துள்ள துணித் துண்டை அவரிடம் கொடுக்க வேண்டும். எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இடம்: கார்டிஃப்
நாள்: 9 ஜனவரி 1875

பதில் வரும்வரை வேறு கப்பல் ஏறாமல் காத்திருக்கும்,
ஐசக் ட்ரெவெல்லா