மூடாமல் விடவேண்டிய இரண்டடி

ஷிபான்
12 செப்டம்பர் 1999

அன்பு மகள் ஜிங்குக்கு,

நலமா? அம்மா அனுப்பிய முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்திருக்கும்.

நம் மலைப்பாதையில் கல் உருளாமலிருக்க, உன் அலுவலகம் சரிவு முழுவதும் சிமெண்ட் பூசப்போகிறது என்று கேள்விப்பட்டேன். சரியான வேலைதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் நெருக்குண்டபோது அங்குள்ள பாறை அடுக்குகள் மொத்தமும் சாலைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மழைநீர் உள்ளே இறங்கினால் அடுக்கோடு வழுக்கும். பள்ளிப் பிள்ளைகள் போகிற வழி.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தவறென்றால் மறந்துவிடு. வளைவில், பனிப்பாறை இழுத்துவந்து கொட்டிய கரடுமுரடான கற்களின் மேல் வெளிறிய சுண்ணாம்புப் பாறை உட்கார்ந்திருக்கும் கோடு ஒன்று உண்டே. உலகத்துப் பனி உருகிக் கடல் வெதுவெதுப்பான காலத்தின் கோடு அது. சிறுமியாக இருந்தபோது பேருந்தின் இடப்பக்கம் உட்கார்ந்து அதைத்தான் தேடுவாய். இந்த வட்டாரத்தில் வேறெங்கும் அது வெளியே தெரிவதில்லை. இரண்டடி அகலம் மட்டும் பூசாமல் விட முடியுமா?

அம்மா சொல்கிறாள்: "பொண்ணு வேலைக்கு உலை வெச்சிடாதீங்க. பேசாம அந்தப் பாறையையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

அப்பா
லுவோ பெய்வென்

20 செப்டம்பர்

அப்பாவுக்கு,

ஒரு கேள்விக்கு இத்தனை தயக்கமா? எங்கள் தலைமைப் பொறியாளரிடம் பேசிவிட்டேன். "உங்கப்பா கல்லுக்கு ஜன்னல் வெக்கச் சொல்றாரா?" என்று சிரித்தார். பிறகு சம்மதித்தார். எந்த இடமென்று நீங்களே பெயிண்டால் குறித்துவிடுங்கள். மேஸ்திரி லியாவ்விடம் சொல்லிவிட்டேன்.

ஊறுகாயில் உறைப்பு போதாது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஜிங்

15 அக்டோபர்

அப்பா,

வூஹான் கூட்டம் முடிந்து நேராகச் சரிவுக்குத்தான் போனேன். எல்லாம் சாம்பல் நிறம். லியாவ் விடுப்பில் போயிருக்கிறார். புது மேஸ்திரிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. "சிவப்புல பெருக்கல் குறி போட்டிருந்தா, இங்க துளை போட்டுக் கம்பியை இறக்குன்னுதானே அர்த்தம்? இறக்கிட்டோம். அந்தத் தாத்தா கூடப் பக்கத்துலயேதான் நின்னாரு, ஒண்ணும் சொல்லலியே" என்கிறார்.

ஏன் அப்பா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாளைக்கே கொத்தி எடுக்கச் சொல்கிறேன். வேலை போனால் போகட்டும்.

ஜிங்

19 அக்டோபர்

அன்பு ஜிங்,

சொன்னேன். "ஐயா, கொஞ்சம்" என்றேன். துளைப்பான் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை.

வேலை முடிந்ததும் அந்த மேஸ்திரி தன் தேநீர்க் குடுவையை நீட்டினார். "குறியெல்லாம் அளந்து வெச்ச மாதிரி இருந்துச்சு தாத்தா. எங்க ஆளுங்களுக்கு இவ்ளோ சுத்தமா வராது" என்றார். நன்றி சொல்லி வாங்கிக் குடித்தேன்.

கொத்தவேண்டாம். இப்போது அந்தக் கம்பிகள்தான் அடுக்குகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே கைவைத்தால் சரிவு நிற்காது. உனக்கும் தெரியும்.

அம்மா மிளகாயைக் கூட்டிப் புது ஊறுகாய் போட்டிருக்கிறாள். வசந்த விழாவுக்கு வரும்போது பேருந்தில் வலப்பக்கம் உட்கார்ந்துகொள். அந்தப் பக்கம் ஆறு தெரியும்.

அப்பா