முழங்காலுக்கு அடித்த ஸ்ப்ரே

அக்கா,

இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கதவுக் கீலுக்கு ஸ்ப்ரே அடித்தார். மண்ணெண்ணெய் மாதிரியும் இல்லாமல் மருந்து மாதிரியும் இல்லாமல் அந்த வாசனை இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது. அலுப்பில் கண் சொருகுகிறது. ஆனாலும் உங்களுக்கு எழுதாமல் படுக்க முடியவில்லை. இந்தியாவில் நீங்கள் காலமான செய்தி போன மாதம்தான் வந்தது.

அன்றைக்கு இதே மாதிரி ஸ்ப்ரே டின்னை, நீங்கள் ஆயாவாக இருந்த பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்தவளே நான்தான். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை உங்களிடம் விட்டுப் போவார்கள். தோட்டப் பள்ளிக்கூட டீச்சரான நானும் என் ஆறு மாதக் குழந்தையை விட்டுப் போவேன். தொட்டில் கொக்கி கிறீச்சிட்டு அவள் விழித்துக்கொள்கிறாள் என்று, ஃபேக்டரியில் மெஷின் ஃபிட்டராக இருக்கும் இவரிடம் கேட்டு வாங்கினேன். "இது துருவை இளக்கத்தான். எண்ணெய்னு நெனைச்சுக்காதே, ஒரு வாரத்துல காஞ்சிரும். கிரீஸ் வச்சாத்தான் நிக்கும்" என்றார். அதை உங்களிடம் சொல்ல மறந்தேன்.

மறுநாள் வந்தால், நீங்கள் முழங்காலுக்கு அடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"என்னக்கா இது!"

"கொக்கி சத்தம் நின்னுருச்சுல்ல டீச்சர்? என் முட்டி அதவிடப் பழசு. தொரை பங்களா வரைக்கும் கேக்குது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையின் கழுத்தில் காலையிலிருந்து சிவப்புத் தடிப்பு. "அந்தக் கையோட என் புள்ளையத் தூக்காதீங்க" என்றேன், எல்லோர் முன்னாலும்.

"சரிங்க டீச்சர்."

அதற்கப்புறம் நீங்கள் அவளைத் தூக்கவே இல்லை. டின்னைத் திருப்பி அனுப்பிய பிறகும் இல்லை. மற்றப் பிள்ளைகள் உங்கள் இடுப்பில் இருக்கும். அவள் அழுதால் பால் காய்ச்சும் பெண்ணைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வீர்கள். தடிப்பு கம்பளித் தொப்பியால் வந்தது என்று பதுளை டாக்டர் சொன்னார். அதை உங்களிடம் வந்து சொல்ல ஒரு நிமிஷம் போதும். நாளைக்கு, நாளைக்கு என்றே ஒரு வருஷம் ஓடிற்று.

பிறகு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் உங்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தெமோதரை ஸ்டேஷனில் ஒவ்வொரு பிள்ளையாக வாங்கிக் கொஞ்சினீர்கள். என்னிடம் வந்ததும் தயங்கி நின்றீர்கள். குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கேட்டீர்கள்: "தூக்கவா டீச்சர்?"

பிள்ளையை நீட்டினேன். அவளோ உங்களிடம் வராமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

"பழக்கம் இல்லைல்ல, பாவம்" என்று சிரித்தீர்கள். ரயில் வந்துவிட்டது.

இப்போது இரண்டாவது பிள்ளையும் ஆயிற்று அக்கா. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற என் பயம் ஒன்றும் குறைந்தபாடில்லை. ஆனால் யாராவது கை நீட்டினால் முதலில் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறேன். அப்புறம்தான் பயப்படுகிறேன்.