முப்பத்தெட்டு கிலோவுக்குச் சரிசெய்த வண்டி

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, அதை எழுத முடியாமல்தான் அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, எந்த மூலையில் நின்று பேசினாலும் கட்டிலில் இருக்கும் உன் அம்மாவுக்குக் கேட்கும். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்று இத்தனை நாளாக உன்னிடம் சொல்லிவந்தது பொய்யம்மா. மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்பிலிருந்து எடுத்தார்களே, அதே கட்டி இப்போது முதுகெலும்புக்கு வந்துவிட்டது. உகாதி முடிந்த வாரம் ஸ்கேனில் தெரிந்தது. உன் பேப்பர் வேலை முடிவதற்குள் நீ அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவது சந்தேகம் என்று நீ ஒருமுறை சொன்னாய், அதை அவள் மனதில் வைத்துக்கொண்டு, "லாவண்யாகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நான் ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டேன். வலி குறைவதற்காகப் பதினைந்து நாள் முதுகில் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்க வேண்டும், தினமும் கூட்டிவர வேண்டும் என்றார்கள். அவளால் உட்கார முடியாது. முதல் நாள் வாடகைக் காரில் போனோம், அந்த டிரைவர் ஒரு ரோடு மேட்டைப் பார்க்காமல் ஏற்றிவிட்டார், அவள் போட்ட சத்தத்தில் அவரே பயந்துபோய் ஓரம் கட்டினார். அப்புறம் அவளே, "நம்ம வண்டியிலயே போலாங்க, பின் சீட்டுல நீட்டிப் படுத்துக்கறேன்" என்றாள். நம் பிக்கப்பில் டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட் வரிசை இருப்பது அன்றைக்குத்தான் உதவியாகத் தெரிந்தது.

ஆனால் அது ஒரு டன் சுமக்கச் செய்த வண்டி. லோடு இருந்தால் அடங்கிப் போகும், காலியாக ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குதிரை மாதிரி உதைக்கும். இருபது வருஷமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியவில்லை பார். நம் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நாற்பத்தோரு ரோடு மேடு, பள்ளத்துக்குக் கணக்கே கிடையாது. நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன், அப்படியும் ஒவ்வொரு மேட்டிலும் பின்னாலிருந்து ஒரு முனகல் வரும். பின்னால் மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தேன், சீட்டில் இரண்டு மெத்தை போட்டுப் பார்த்தேன், பெரிசாக ஒன்றும் மாறவில்லை.

சனிக்கிழமை கரண்ட் கிடையாது என்பதால் அன்று கலாசிபாளையம் நயாஸ் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன், நம் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறவர். "அண்ணா, இது லோடு வண்டி, இதப் போய் கார் மாதிரி ஆக்கச் சொல்றீங்களே" என்றார். விஷயத்தைச் சொன்னதும் வண்டிக்கு அடியில் போய்விட்டார். பின் சக்கரத்தின் மேல் அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகள் இருக்கும், அவைதான் வண்டியைத் தாங்குவது, அதில் இரண்டிரண்டு பட்டையைக் கழற்றி எடுத்தார், ஷாக் அப்சார்பர் நாலும் புதிது மாட்டினார். ஆனால் ஒன்று அண்ணா, இனிமேல் இதில் லோடு ஏற்றக் கூடாது, ஏற்றினால் உட்கார்ந்துவிடும் என்றார். சரி என்றேன். அதனால் இப்போது நான் சவாரிக்குப் போவதில்லை, அதைப் பற்றி நீ கவலைப்படாதே, அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை புறப்பட்டபோது மெத்தென்றுதான் இருந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பட்டை குறைந்ததால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துபோயிருந்தது, அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு ரோடு முன்னால் பெரிய மேடு ஒன்று, அதில் இறங்கும்போது பின்பக்கம் முழுக்க அமுங்கி இரும்போடு இரும்பு மோதியது. இதற்கு முன்னால் உதைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அம்மா அன்றைக்குக் கத்தவில்லை லாவண்யா. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தொட்டால் வலிக்கும், தொடாமலும் இருக்க முடியவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் வந்து "ஏனாயித்து சார்?", என்ன ஆச்சு என்று கேட்டார், அவருக்குச் சொல்ல எனக்குக் கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அன்று மத்தியானமே நயாஸ் பாயிடம் போய், உங்களால்தான் என்று கத்திவிட்டேன்.  அவர் வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காடு வரைக்கும் நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தார். பின்னால் மூன்று அங்குலம் இறங்கி, இடது பக்கம் வலதைவிட இன்னும் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. வளைவு அதிகமான மெல்லிசுப் பட்டை ஒரு செட் தேடி வாங்கிவந்து போட்டார், முன்பக்கத்தை போல்ட்டைத் திருகித் திருகி இறக்கினார், அளந்தார், மறுபடியும் திருகினார். உயரம் மாறினால் பின் பிரேக் பிடிப்பதும் மாறுமாம், அதற்கென்று அடியில் இருக்கும் கம்பியையும் சரிசெய்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா படுக்கிற மாதிரியே பின் சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு, ஓட்டுங்க அண்ணா என்றார். அந்தச் சந்தில் இருக்கும் மேட்டில் ஐந்து தடவை ஏற்றி இறக்கினேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, "நான் தொண்ணூறு கிலோ அண்ணா, என்னத் தூக்கிப் போடாது. அக்கா இப்ப எவ்ளோ இருப்பாங்க?" என்று கேட்டார். போன வாரம் ஆஸ்பத்திரி எடை மெஷினில் முப்பத்தெட்டு காட்டியது. அதைச் சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பக்கத்துக் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ மூட்டையில் ஒன்றரை மூட்டை அரிசி கொண்டுவந்து சீட்டில் கிடத்தி, டயரில் காற்றைக் குறைத்து, இருட்டும் வரைக்கும் அந்த அரிசி மூட்டை குதிக்காதபடி செய்தோம்.

மறுநாள் நாற்பத்தோரு மேட்டிலும் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சிக்னலில் திரும்பிப் பார்த்தால் அம்மா வாயைத் திறந்தபடி கிடக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. கையை நீட்டி மூக்கில் வைத்துப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாகச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்காதவள். எழுப்ப மனது வராமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போய், ஒரு பெரிய சுற்று சுற்றிவிட்டு வந்தேன். நேரம் தவறிவிட்டது என்று அங்கே என்னைத் திட்டினார்கள், திட்டட்டும் என்று நின்றேன்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனிமேல் அலைய வைக்க வேண்டாம், வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "யாராவது தூரத்துல இருந்தா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். 

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலமானால், "சும்மா ஒரு ரவுண்டு போலாங்களா" என்கிறாள், வண்டியில்தான் தூக்கம் வருகிறதாம். ஹெப்பாள் தாண்டி ஏர்போர்ட் போகிற ரோடு வழுவழுவென்று இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் கூட்டிப்போகிறேன். நேற்று ஹெப்பாள் மேம்பாலம் இறங்கும்போது கண் விழித்து, எங்கே இருக்கோம் என்றாள். ஏர்போர்ட் ரோடு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவ வராளா?" என்று கேட்டாள். ம் என்றேன். தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தலைய வாரிவிட்டிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் தூங்கிப்போனாள்.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ கஷ்டப்பட்டுக் கட்டியதெல்லாம் கெட்டுப்போகுமே என்று பயமாக இருக்கிறது. வராதே என்றும் சொல்ல முடியவில்லை. வண்டிக்குச் செய்ய முடிந்ததைச் செய்தேன். இதற்கு மேல் என்ன செய்வதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை கண்ணு, நீயும் மாப்பிள்ளையும் யோசித்து முடிவு செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், என்னிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுசோடு ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான். மறக்காமல் ஒன்று, அம்மாவுக்குப் போன் போட்டால் இங்கே காலை பத்து மணிக்குப் போடு, அப்போது மருந்து சாப்பிட்டுத் தெளிவாக இருப்பாள். இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்றே கேள். அழுகை வந்தால் வீடியோவை அணைத்துவிடு, சிக்னல் இல்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
கோதண்டராமன்